லோஞ்சு ஊதிய பிறகு வரும் நோவு

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலையூற்றிலுள்ள என் வீட்டுக்கு இளம் தாதியர் இருவர் வந்தார்கள். வசந்தியும் றிஸ்வானாவும். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதியில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள். கதிரையில் உட்காருமுன்பே வசந்தி கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சிஸ்டர், இதைப் பாருங்கோ. எங்கட ஆஸ்பத்திரியைக் கிழிச்சுத் தொங்கப் போட்டிருக்கினம்."

யாரோ முகநூலில் போட்ட அட்டவணை. சின்ன வைத்தியசாலை, பெரிய வைத்தியசாலை, தனியார் வைத்தியசாலை என்று வரிசைப்படுத்தி, எங்கே எத்தனை பங்கு சுகப்பிரசவம், எங்கே எத்தனை பங்கு சத்திரசிகிச்சை என்று காட்டியிருந்தது. தனியாருக்கும் பெரிய வைத்தியசாலையான எங்களுக்கும் சிவப்பு நிறம். சின்ன வைத்தியசாலைக்குப் பச்சை.

"கிராமத்து ஆஸ்பத்திரியில சீசரே இல்லையாம்," என்றாள் றிஸ்வானா. "கீழ ஒருத்தர் எழுதியிருக்கிறார், அந்தக் காலத்து மிஸ்ஸிமாரின்ட கைராசியாம். இப்ப உள்ள எங்களுக்குப் பொறுமை இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கைராசிக்காரிகளில் நானும் ஒருத்தி. "கத்தியே இல்லாத இடத்தில கத்திக் கணக்கு எப்பிடியடி வரும்?" என்று கேட்டேன். பிறகு தேநீர் ஆறும்வரை கதைத்தோம். போகும்போது வசந்தி, "கதைச்சதை நாங்கள் மறந்திடுவம் சிஸ்டர். எழுதித் தாங்கோ," என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எதையும் நாளும் கிழமையும் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு இருக்கிறது. ஆனால் இதில் திகதிகளை வேண்டுமென்றே விடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பிறந்த நாளைச் சொன்னால், அது யாருடைய பிள்ளை என்று அரைமணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே காலத்தை, மூதூரை நகரத்தோடு தரைவழியே இணைத்த பாலங்களை வைத்துச் சொல்கிறேன். பாலங்கள் வருமுன், பாலங்கள் வந்தபின். எங்கள் மாவட்டத்தில் பிள்ளை பெறுவதைப் பொறுத்தவரை வேறெந்த ஆண்டுக்கணக்கையும்விட அது சரியானது.

திரியாயில் பிறந்து, பள்ளிக்கூடம் நகரத்தில் முடித்து, மூன்று வருடம் தாதியர் பயிற்சியும் அதற்குமேல் பிரசவப் பயிற்சியும் பெற்றேன். புத்தகத்திலிருந்து நிறையப் படித்தேன். அந்தக் காலத்திலேயே சரித்திரம் வாசிக்கும் பைத்தியமும் இருந்தது. ரோமாபுரிச் சீசர் தாயின் வயிற்றைக் கீறிப் பிறந்தவர் என்று விரிவுரையாளர் சொன்னபோது, அவருடைய தாய் மகன் தளபதியாகும்வரை உயிரோடு இருந்தாரே, அந்தக் காலத்தில் வயிறு கீறிய தாய் எப்படிப் பிழைத்திருப்பார் என்று எழுந்து கேட்டேன். "நீர் முதலில் கை கழுவப் பழகும்," என்றார் அவர். அதையும் பழகினேன்.

முதல் நியமனம் மூதூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன வைத்தியசாலை. ஒரு டொக்டர், நாங்கள் சில தாதியர், ஒரு பிரசவ அறை. சத்திரசிகிச்சைக் கூடம் இல்லை. மயக்க மருந்து கொடுப்பவர் இல்லை. ஏற்றுவதற்கு இரத்தம் இல்லை. குறுக்கே கிடக்கும் பிள்ளை, இரட்டைப் பிள்ளை, அழுத்தம் கூடிய தாய், முன்பு வயிறு கீறிய தாய், இப்படி யாராக இருந்தாலும் குடாவைத் தாண்டி நகரத்துக்கு அனுப்ப வேண்டும். மிஞ்சுபவர்கள் தாமாகவே பெறக்கூடியவர்கள். அவர்கள் பெற்றார்கள், நாங்கள் ஏந்தினோம். அந்தப் பச்சை நிறத்தின் இரகசியம் இவ்வளவுதான்.

அனுப்புவது என்றால் லோஞ்சில், குடாவைக் கடக்கும் பயணிகள் படகில், அனுப்புவது. தரைவழி என்றால் ஆறுகளைக் கடக்கும் மிதவைகளில் ஏறி இறங்கவேண்டும், இல்லாவிட்டால் கந்தளாய்ப் பக்கமாக ஊரைச் சுற்றவேண்டும். பின்னேரம் கடைசி லோஞ்சு ஜெட்டியை விட்டுப் புறப்படும்போது நீளமாக ஊதும். அந்தச் சத்தம் விடுதிக்குக் கேட்கும். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு விசயத்தைக் கவனித்தேன். லோஞ்சு ஊதும்வரை அமைதியாக இருக்கும் விடுதியில், ஊதிய கையோடு அங்கொரு கட்டிலிலும் இங்கொரு கட்டிலிலும் முனகல் தொடங்கும்.

என்னோடு வேலை செய்த மூத்த தாதி இதற்கு "லோஞ்சு நோவு" என்று பெயர் வைத்திருந்தார். நோவு காலையிலேயே வந்திருக்கும். சொன்னால் நகரத்துக்கு ஏற்றிவிடுவார்கள் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். ஒருத்தி பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை பின்னுவாள். இன்னொருத்தி அளவுக்கு மிஞ்சிக் கதைப்பாள், சிரிப்பாள். எல்லாருக்கும் பொதுவான ஒரு குணம், மணி கேட்பது.

"என்ன மணி மிஸ்ஸி?"

"ஏன், உமக்கு எங்கையும் பயணமா?"

"இல்ல மிஸ்ஸி, சும்மாதான் கேட்ட."

டொக்டர் கடைசியில் சுவரிலிருந்த மணிக்கூட்டையே கழற்றி அலுமாரியில் வைத்தார். பயனில்லை. லோஞ்சு ஊதுவதை அவரால் நிறுத்த ஏலாதே.

அவர்களை விளக்கமில்லாத பெண்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. நகரத்தில் அவர்களுக்கு ஒருவருமில்லை. துணைக்கு வருபவளுக்குப் படுக்க இடமில்லை. வீட்டில் மூத்த பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. சண்டைக் காலத்தில் வழிநெடுகச் சோதனை. போனால் எப்போது திரும்பலாம் என்று யாருக்கும் தெரியாது. அதற்குமேல், நகரத்துக்குப் போனால் வெட்டுவார்கள் என்ற கதை. நோவை மறைப்பதற்கு அவர்களிடம் போதிய நியாயம் இருந்தது. ஆனால் குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கு அந்த நியாயம் தெரியாது. ஒரு மாரியில் அப்படி மறைத்த ஒரு தாயை, கடைசி லோஞ்சு போனபின், இயந்திரம் பூட்டிய மீன்பிடி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். தாய் மட்டும் பிழைத்தாள். அந்தப் பிள்ளைக்கு வைக்க யோசித்திருந்த பெயரை அவள் வள்ளத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தாள். அது நாட்குறிப்பில் இருக்கிறது.

சில வருடங்களின் பின் நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே பிரசவப் பகுதியின் விசேட வைத்திய நிபுணர் டொக்டர் மனோரி. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. மெலிந்த உருவம், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், ஒருபோதும் உயராத குரல். தமிழை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பிரசவக் கட்டிலில் கிடந்த தாய்மாரிடமிருந்தே படித்தார். அதனால் அவருக்குத் தெரிந்த தமிழ் சல்லி, கிண்ணியா, மூதூர் என்ற ஊர்களின் பெண்கள் பேசும் தமிழ். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரியின் மனைவியையே, "என்ன புள்ள, சாப்பிட்டாயா?" என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய விடுதியில் ஒரு விதி இருந்தது. யாருக்காவது சத்திரசிகிச்சை தேவை என்று ஒரு டொக்டர் நினைத்தால், அதற்கான காரணத்தை அந்தத் தாயின் கட்டிலருகே நின்று, அவளைப் பார்த்து, அவளுக்கு விளங்கும் சொற்களில் சொல்லவேண்டும். சொன்னபின் தாய் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். அது முடிந்தால்தான் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு அறிவிக்கலாம். உயிர் போகிற அவசரத்திலும் இந்த விதி உண்டு, ஒரே வசனத்தில் முடிக்கவேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

புதிதாக வந்த ஒரு டொக்டர்த் தம்பி முதல்நாள் ஆங்கிலத்தில் அழகாகக் காரணம் சொன்னார். டொக்டர் மனோரி தலையாட்டினார்.

"அது எனக்குத் தெரியும். நீ அவளுக்குச் சொல்லு."

தம்பி தாயின் பக்கம் திரும்பி, வியர்த்து, "அம்மா... பிள்ளை... முன்னேறவில்லை," என்றார்.

நிலாவெளியிலிருந்து வந்த அந்தத் தாய், அந்த நோவுக்குள்ளும், "பிறக்கவே இல்லை, அதுக்குள்ள முன்னேற்றம் கேக்கிறியளோ தம்பி?" என்று கேட்டாள். விடுதி முழுவதும் சிரித்தது. டொக்டர் மனோரி சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு மணித்தியாலம் பாப்பம். அதுக்குள்ள நீ சொல்லப் பழகு," என்றார். தம்பி பழகுவதற்குள் பிள்ளை தானாகவே பிறந்துவிட்டது.

மறுபக்கமும் உண்டு. சோதிடர் குறித்துக் கொடுத்த நேரத்தோடு ஒரு தகப்பன் வந்தார். ராகுகாலம் தொடங்குமுன் வயிற்றைக் கீறி எடுத்துத் தரமுடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டார்.

"காரணம் என்ன?" என்றார் டொக்டர் மனோரி.

"பிள்ளை நல்லாய் வரவேணும் டொக்டர்."

"நான் ராகுகாலத்தில பிறந்தது. அம்மா இப்பவும் சொல்லிச் சொல்லி அழுறது. நான் இவ்வளவுதான் வந்தது, பாருங்க."

தகப்பன் சோதிடர் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

பெரிய வைத்தியசாலையின் எண்ணிக்கை ஏன் கூடியது என்பதை அங்கே நின்று வேலை செய்தால் ஒரு கிழமையில் விளங்கிக்கொள்ளலாம். மாவட்டம் முழுவதும் வடித்து அனுப்பும் சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரு வாசலுக்குத்தான் வருகின்றன. தனியார் வைத்தியசாலையின் கதை வேறு. அங்கே டொக்டர் அரசாங்க வேலை முடித்து வருகிறார். அவரும் மயக்க மருந்து டொக்டரும் ஒன்றாகக் கட்டடத்துக்குள் இருக்கும் மணித்தியாலங்கள் கொஞ்சம். அதற்குள் பிள்ளையை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அவரைக் கொள்ளைக்காரன் என்று திட்டுவோரோடு நான் சேரமாட்டேன். ஆளில்லாத நேரத்தில் ஒரு தாய்க்கு இரத்தம் போகத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பொறுத்திருந்தால் தானாகப் பெற்றிருக்கக்கூடிய பெண்களும் அந்த நிம்மதிக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நஸ்ரின் அப்படி அகப்பட்டவள்.

அவள் மூதூர்க்காரி. பெயரை மாற்றியிருக்கிறேன். முதல் பிள்ளையைத் தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து எடுத்திருந்தார்கள். நோவு வந்த அன்றே, டொக்டர் மாலையில் வெளியூர் போகவேண்டியிருந்ததால். இரண்டாவது பிள்ளைக்கு எங்கள் கிளினிக்குக்கு மாமியாரோடு வந்தாள். புருசன் கட்டாரில். மாமியார் உட்காருமுன்பே தொடங்கிவிட்டார்.

"என்ட மகள் நாலும் தள்ளிப் பெத்தவள் மிஸ்ஸி. இவ ஒண்டு, அதுவும் வெட்டி எடுத்த. மூண்டு வெட்டுக்குப் பொறகு நிப்பாட்டச் சொல்லுவாங்களாம். என்ட மகனுக்கு மூண்டோட முடியவா?"

நஸ்ரின் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் டொக்டர் மனோரியிடம் சொன்னாள்: "மாமிக்காக இல்ல டொக்டர். போன முறை என்னெண்டு பிள்ள வந்த எண்டே எனக்குத் தெரியா. இந்த முறை நானே பெறவேணும்."

டொக்டர் மனோரி பழைய தழும்பைப் பார்த்தார், அளவுகளைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். பிறகு கதிரையை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். முன்பு கீறிய கருப்பையில் தழும்பு இருக்கிறது. பெரும்பாலும் அது தாங்கும். சிலவேளை நோவின்போது பிரிந்துவிடும். பிரிந்தால் பிள்ளையும் தாயும் ஆபத்தில். ஆகவே முயற்சி செய்யலாம், ஆனால் நோவு வருமுன்பே வந்து படுக்கவேண்டும், தியேட்டர் ஆயத்தமாக இருக்கவேண்டும், நோவு கூட்டும் மருந்து ஏற்றுவதில்லை. கடைசியாக, "உள்ள என்ன நடக்குது எண்டு உனக்குத்தான் முதல் தெரியும். நீ எனக்கு மறைக்கக்கூடாது. சரியா புள்ள?" என்றார். அவள் ஓம் என்றாள்.

சொன்னபடி வந்து படுத்தாள். நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை. ஒரு விடிகாலையில் நோவு தொடங்கியது. கையில் ஊசி ஏற்றி, அவளுக்குப் பொருந்தும் இரத்தத்தை எடுத்து வைத்து, தியேட்டருக்கும் மயக்க மருந்து டொக்டருக்கும் சொல்லிவைத்தோம். பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதியும் இயந்திரத்தை வயிற்றில் கட்டினோம். நான் கட்டிலை விட்டு விலகவில்லை. காலை முழுவதும் எல்லாம் ஒழுங்காகவே போனது. மாமியார் சுடுதண்ணிப் போத்தலோடு வாசலில் நின்று, போகிற வருகிற எல்லாரிடமும், "பெறப்போறாளாம், பெறப்போறாளாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு நஸ்ரின் கதைக்கத் தொடங்கினாள். காலை முழுவதும் வாய் திறக்காதவள். என் தோடு நல்லாயிருக்கிறது என்றாள். கட்டாரில் இப்போது சரியான வெயிலாம் என்றாள். சிரித்தாள். டொக்டர் மனோரி வந்து கையைப் பிடித்து நாடி பார்த்தார். வயிற்றைத் தொட்டார். பிள்ளையின் தலை காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. இயந்திரத்தில் பிள்ளையின் துடிப்பு நன்றாகவே இருந்தது.

"நோவு விட்டபிறகு இந்த இடத்தில வலி இருக்கா?"

"ஒண்டுமில்ல டொக்டர்."

"நிச்சயமா?"

"அல்லாவே, ஒண்டுமில்ல டொக்டர்."

டொக்டர் மனோரி என்னை இரண்டடி தள்ளி அழைத்தார். "நாடி கூடியிருக்கு. தலை இறங்க இல்ல. அவள் எனக்கு ஏதோ மறைக்கிறாள். நான் கேட்டா சொல்லமாட்டாள். நீ அவங்க ஊரில வேலை செய்தனீ. நீ கேளு."

நான் கட்டிலருகே திரும்பி வந்தேன். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் நஸ்ரின் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன மணி மிஸ்ஸி?"

எனக்கு மூதூர் விடுதி அப்படியே கண்முன் வந்தது. அலுமாரிக்குள் வைத்த மணிக்கூடு, தலை பின்னும் பெண்கள், எல்லாம். குனிந்து அவள் காதருகே கேட்டேன்.

"லோஞ்சு ஊதியாச்சா நஸ்ரின்?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஊர்ப்பெண்ணுக்கு அந்தக் கேள்வி விளங்காமல் இருக்குமா? அவளுடைய உம்மாவே அப்படி மறைத்துத்தான் அவளைப் பெற்றிருப்பாள். முதலில் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகையானது.

"இன்னும் இல்ல மிஸ்ஸி," என்றாள். என் கையை இழுத்துத் தழும்பின் மேல் வைத்தாள். "இஞ்ச. நோவு விட்டாலும் இது விடுகுதில்ல. மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னயே தொடங்கின. சொன்னா வெட்டுவீங்க."

டொக்டர் மனோரி மறுபக்கத்தில் வந்து நின்றார். தன் விதியைத் தானே நிறைவேற்றினார். "நஸ்ரின், உன்ட பழைய தையல் இடம் பிரியப் போகுது. பிரிஞ்சா பிள்ளைக்கு மூச்சில்ல, உனக்கு ரத்தம் போகும். இப்ப எடுத்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். கேள்வி இருக்கா?"

"மாமிக்கு என்ன சொல்ற டொக்டர்?"

"அது நான் சொல்றன். எனக்கும் வீட்டில ஒரு மாமி இருக்கு. பழக்கம்."

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எடுங்க," என்றாள். கையெழுத்தும் அவளே வைத்தாள்.

தியேட்டரில் முதுகில் ஊசி போட்டதால் அவள் விழித்துக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் நின்றேன். வயிற்றைத் திறந்ததும் டொக்டர் மனோரியின் கை ஒரு கணம் நின்றது. என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார். தழும்பிருந்த இடம் வெங்காயத்தோல் போல மெலிந்து கிடந்தது. அதற்கூடாகப் பிள்ளையின் தலைமயிர் கறுப்பாகத் தெரிந்தது. இன்னும் சில நோவு வந்திருந்தால் அந்தத் தோல் இருந்திருக்காது. ஆண்பிள்ளை. வெளியே எடுத்த உடனேயே கத்தினான். நஸ்ரின் அவனைப் பார்க்குமுன்பே, "முடி இரிக்கா மிஸ்ஸி?" என்று கேட்டாள். அதை நாங்கள் முன்பே பார்த்துவிட்டோம் என்று அப்போது அவளுக்குச் சொல்லவில்லை.

வாசலில் மாமியாரிடம் டொக்டர் மனோரியே போனார். "உங்கட மருமகள் விடியக்காலையிலிருந்து நோவு தாங்கினது. கடைசியில பிள்ளைக்காக ஓம் சொன்னது. இது பெத்ததுதான். இனி வெட்டுக் கதை கதைச்சா நான் மூதூருக்கு வருவன்." மாமியார் பிள்ளையை வாங்கிக் காதருகே முகம் வைத்துப் பார்த்தார். "நீங்க வாங்க டொக்டர், சாப்பாடு ஆக்கித் தாறன்," என்றார்.

அந்த மாத மீளாய்வுக் கூட்டத்துக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். எங்கள் சத்திரசிகிச்சை வீதம் போன மாதத்தைவிட ஏறியிருக்கிறது, குறைக்கவேண்டும் என்றார். டொக்டர் மனோரி ஒவ்வொரு தாயின் காரணத்தையும் வரிசையாக வாசித்தார். நஸ்ரினுக்கு வந்ததும் நிறுத்தி, "இவளை நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று சொல்லுங்கள்," என்றார். அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார். நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே டொக்டர் மனோரி தானாகவே இன்னும் இரண்டு பெயர்களை எடுத்தார். "இந்த இருவரிடமும் நாம் பொறுத்திருக்கலாம். காரணம் சரியாகச் சொல்லப்படவில்லை. இது எங்கள் பிழை." வீதம் என்றால் இப்படித்தான் பார்க்கவேண்டும் என்று அன்று உறுதியாக விளங்கிக்கொண்டேன். மொத்த எண்ணைக் குறை என்று யாரும் சொல்லலாம். எந்தத் தாய் என்று கேட்டுத்தான் குறைக்க முடியும்.

பிறகு பாலங்கள் வந்தன. மூதூரிலிருந்து தரைவழியே நகரத்துக்கு வர மிதவையும் வேண்டாம், அலை அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம் என்றானது. மாலை நேரத்து லோஞ்சு நோவு எங்கள் விடுதிகளிலிருந்து எப்போது போனது என்று நாட்குறிப்பில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு நாள் இல்லை. மெல்ல மெல்லப் போயிருக்கிறது.

வசந்தி, றிஸ்வானா, அந்த அட்டவணையை யாராவது இனிமேல் உங்களிடம் காட்டினால் சண்டை பிடிக்கவேண்டாம். பச்சைக்குள் அனுப்பப்பட்டவர்கள் எங்கே என்று கேளுங்கள். சிவப்புக்குள் காரணம் சொல்லப்படாதவர்கள் யார் என்று எங்களையே கேளுங்கள். நஸ்ரின் அப்படியான கணக்குகளில் மூன்று தடவை இருக்கிறாள். தனியார் பக்கத்தில் ஒன்று, எங்கள் பக்கத்தில் இரண்டு.

மூன்றாவது பிள்ளைக்கு நோவு வரவே விடக்கூடாது, நாங்கள் குறித்த நாளில் எடுத்துவிடவேண்டும் என்று அவளுக்கு விளக்கியிருந்தோம். குறித்த நாளுக்கு முன்னதாகவே நோவு முந்திக்கொண்டது. நான் காலை வேலைக்கு வந்து விடுதி வாசலில் ஏறும்போது மூதூரிலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் முதலில் இறங்கி, "தள்ளுங்க, தள்ளுங்க," என்று சனத்தை விலக்கினார். பின்னால் நஸ்ரின், ஒரு கை தழும்பின் மேல்.

"எப்ப தொடங்கினது?" என்றேன்.

"சுபஹு தொழுதிட்டு எழும்பக்குள்ள. முதல் நோவோட வெளிக்கிட்டுட்டன்." வியர்த்த முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "லோஞ்சு ஊத முந்தி வந்திட்டன் மிஸ்ஸி."